இரவல் உறுப்புகளின் வரலாறு: பிரித்தானியத் தனிக்கட்டுக் கார்களும் அவற்றின் வலுக்கடத்தல் தொகுதியும்

1. பொருளும் நோக்கமும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு செய்திகளையே முதன்மைப்படுத்தியுள்ளனர். ஒன்று கண்டுபிடிப்பு, மற்றையது பேருற்பத்தி. ஒரு கார் தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து வெளியே வந்ததும் அதன் வரலாறு முடிந்துவிடுகின்றது என்னும் எண்ணம் இவ்வகை நூல்களின் அடியில் உறைந்து கிடக்கின்றது. ஆனால், அக்கார் அதன்பின் 20 ஆண்டுகளோ 50 ஆண்டுகளோ ஓடியிருக்கலாம். அவ்வாண்டுகளில் அதனை ஓடவைத்தவர் யாவர், எவ்வறிவைக் கொண்டு ஓடவைத்தனர், தேய்ந்த உறுப்புக்கு மாற்றுறுப்பை எங்கிருந்து பெற்றனர் என்பனவும் வரலாற்று வினாக்களே. தொழினுட்ப வரலாற்றைப் புதுமைகளின் பட்டியலாக அன்றி, பயன்பாட்டினதும் பேணுகையினதும் வரலாறாக எழுதவேண்டும் என்று டேவிட் எட்ஜேற்றன் 2006இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான சான்று, தனிமனிதர் தம் வீட்டுக் கொட்டகையிற் கட்டிய கார் ஆகும். ஆங்கிலேயர் இதனை 'ஸ்பெஷல்' என வழங்குவர்; நாம் இதனைத் தனிக்கட்டுக் கார் என்போம். தொழிற்சாலைக் காருக்கு உதிரிப்பாகப் பட்டியல் உண்டு, முகவர் உண்டு, களஞ்சியம் உண்டு. தனிக்கட்டுக் காருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதன் எஞ்சின் ஒரு காருக்குரியது, கியர்ப்பெட்டி மற்றொன்றுக்குரியது, பின்னச்சு மூன்றாவதொன்றுக்குரியது. கட்டியவன் செய்தது பெரும்பாலும் சட்டகமும் உடலுமே. வலுவைக் கடத்தும் உறுப்புகள் யாவும் இரவல். அவ்விரவலைத் தந்த பேருற்பத்திக் காரைத் தாய்க்கார் எனக் குறிப்பிடுவோம்.

தனிக்கட்டுக் காரின் ஆயுள் அதனைக் கட்டியவனின் திறமையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. தாய்க்காரின் பிறப்பும் பெருக்கமும் அழிவுமே அதனைத் தீர்மானிக்கின்றன என்பதும், தாய்க்கார் மறைந்தபின் எஞ்சும் ஒரே பாதுகாப்பு உறுப்புகளின் குடிவழியை அறிந்த அறிவே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதனைப் பிரித்தானியாவின் ஒஸ்ரின் செவின், லோட்டஸ் செவின் என்னும் இரு மரபுகளைக் கொண்டு காட்ட முயல்வோம்.

2. தொகுதியின் இயல்பு

எஞ்சினிற் பிறக்கும் வலு சில்லுகளைச் சென்றடையும் வழியில் நிற்கும் உறுப்புகளின் தொடரையே வலுக்கடத்தல் தொகுதி என்கின்றோம். கிளச், கியர்ப்பெட்டி, புறொப்பலர் சாப்ற் எனப்படும் நீள்தண்டு, அதன் இரு நுனிகளிலுமுள்ள யூனிவேர்சல் மூட்டுகள், பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்சல், அதிலிருந்து இருபுறமும் செல்லும் அச்சுத்தண்டுகள் என்பன இதில் அடங்கும். இத்தொடரில் ஓர் உறுப்பு பழுதுற்றால் அதனைத் தனியே மாற்றுதல் எளிது போலத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. ஒவ்வோர் உறுப்பும் தன் முன்னுள்ளதோடும் பின்னுள்ளதோடும் பொருந்தவேண்டும். கியர்ப்பெட்டியின் உள்வரு தண்டில் வெட்டப்பட்ட நீள்வரிப் பற்களின் எண்ணிக்கை கிளச்சுத் தட்டின் பற்களோடு ஒத்திராவிடின் இரண்டும் இணையா. தண்டின் நுனி எஞ்சினின் சுழற்றித் தண்டிலுள்ள சிறு தாங்கியில் அமராவிடின் பெட்டி விரைவில் அழியும்.

நீள்தண்டின் செய்தி இன்னும் நுட்பமானது. யூனிவேர்சல் மூட்டு கோணமொன்றிற் சுழலும்போது சீரான வேகத்தைக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். இரு மூட்டுகளின் கவைகளும் ஒரே தளத்தில் நின்று, இரு கோணங்களும் சமமாயிருப்பின் ஒன்றின் குறையை மற்றையது ஈடுசெய்யும். வேறொரு காரின் அச்சைப் பொருத்துபவன் அதன் மூக்கைச் சில பாகை உயர்த்திவிட்டால், உறுப்புகள் யாவும் புதியனவாயிருந்தும் கார் அதிரும். எனவே தண்டின் நீளத்தை மட்டும் அளந்து வெட்டுதல் போதாது.

பின்னச்சினுள் இருக்கும் கிறவுன் வீலும் பினியனும் இத்தொகுதியில் மிக அரியவை. இவை சோடியாகவே வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று உராயவிட்டு மெருகேற்றப்பட்டு, ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டு வெளிவருவன. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் கெடும். பினியன் எவ்வளவு ஆழத்தில் அமரவேண்டும், பற்களிடையே எவ்வளவு இடைவெளி இருக்கவேண்டும் என்பன மிகச் சிறு அளவுகளில் தீர்மானிக்கப்படும். இச்சோடியின் விகிதமே காரின் இயல்பைத் தீர்மானிப்பது. கிறவுன் வீலில் 37 பற்களும் பினியனில் 9 பற்களும் இருப்பின் விகிதம் 4.11 ஆகும், 35க்கு 9 எனின் 3.89. இலக்கம் அழிந்துபோன அச்சொன்றின் விகிதத்தை அறிவதற்குப் பழந்தொழிலாளர் கையாளும் முறை எளியது. ஒரு சில்லை நிலத்தில் நிறுத்தி மற்றையதை உயர்த்தி, உயர்ந்த சில்லை முழுமையாக இருமுறை சுழற்றவேண்டும். அப்போது கிறவுன் வீல் ஒருமுறை சுழலும். நீள்தண்டு எத்தனை முறை சுழன்றது என எண்ணினால் அதுவே விகிதம். நூலறிவும் கையறிவும் ஒன்றுகூடும் இடம் இஃது எனலாம்.

3. ஒஸ்ரின் செவின்: முதலாவது தாய்க்கார்

1922இல் ஹேர்பேட் ஒஸ்ரின் வெளியிட்ட ஒஸ்ரின் செவின் என்னும் சிறு கார் பிரித்தானியாவின் நடுத்தர வகுப்பாரையும் கைவினைஞரையும் முதன்முறையாகக் கார் உடைமையாளராக்கிற்று. அதன் வரைபடங்களை ஒஸ்ரினோடு இருந்து வரைந்த ஸ்ரான்லி எட்ஜ் அப்பொழுது பதினெட்டு வயதினராவார். 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் கட்டப்பட்டன. இப்பெருக்கமே பின்வந்த வரலாற்றுக்கு அடிப்படை. அதன் 747 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், முன்னோக்கி ஒடுங்கும் எளிய சட்டகமும், குழாயினுள் அடங்கிய தண்டோடு கூடிய பின்னச்சும் ஒருவர் தனித்துத் தூக்கியும் கழற்றியும் பூட்டியும் வேலைசெய்யத்தக்க அளவினவாயிருந்தன.

1930களின் இறுதியில் இக்கார்கள் பல பழைய இரும்பு விலைக்கு வந்தன. அவற்றின் மர உடல் உக்கியும் தகடு கறள் பிடித்தும் போயினும் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் அச்சும் நல்ல நிலையிலேயே இருந்தன. உடல் முந்தி அழிய, வலுக்கடத்தல் தொகுதி பிந்தி அழியும் இவ்வேறுபாடே தனிக்கட்டுக் கார் இயக்கத்தின் பொருளியல் அடித்தளம் ஆகும். 1939இல் பில் பொடி என்பாரின் முயற்சியால் 750 மோட்டார்க் கழகம் தோன்றிற்று. கழகத்தின் பெயரே அந்த எஞ்சினின் கொள்ளளவைக் குறிப்பது.

போருக்குப் பின்னர் இவ்வியக்கம் மேலும் வலுப்பெற்றது. உருக்குப் பங்கீட்டில் இருந்தது. அந்நியச் செலாவணி ஈட்டுவதற்காகப் புதிய கார்கள் ஏற்றுமதிக்கே முதலில் ஒதுக்கப்பட்டன. உள்நாட்டார் நீண்டகாலம் காத்திருக்கவேண்டியதாயிற்று. புதிய கார்மீதான கொள்வனவு வரி 1951இல் 66⅔ வீதமாக உயர்ந்தது. உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிய காருக்கோ இவ்வரி இல்லை. ஆகவே, மாணவரும் படையிலிருந்து மீண்டோரும் பட்டறைத் தொழிலாளரும் பழைய ஒஸ்ரின் செவினை நாடியமை விநோத விருப்பின் விளைவு மட்டுமன்று. அக்காலப் பொருளாதாரத்தின் விளைவுமாகும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்ற கொலின் சப்மன் 1948இல் தம் முதற்காரைக் கட்டியதும் பழைய ஒஸ்ரின் செவின் ஒன்றைக் கொண்டே.

தாய்க்காரின் உற்பத்தி 1939இல் நின்றுவிட்டமையால், ஆண்டுகள் செல்லச் செல்ல மாற்றுறுப்புகள் அருகின. இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சி எம் கவனத்துக்குரியது. ரம்வேத் நகரில் மூன்று சில்லு வண்டிகளைக் கட்டிவந்த றிலையன்ற் நிறுவனம் ஒஸ்ரின் செவினின் எஞ்சினையே விலைக்கு வாங்கிப் பயன்படுத்திவந்தது. ஒஸ்ரின் அவ்வெஞ்சினை நிறுத்தியதும் றிலையன்ற் அதே அமைப்பில் எஞ்சினைத் தானே செய்யத் தொடங்கிற்று. 1962 வரை அது தொடர்ந்தது. பின்னர் அலுமினியத்தாலான புதிய எஞ்சின் அதன் இடத்தைப் பெற்றது. 750 கழகத்தின் ஓட்டப்போட்டியிலும் 1960களில் றிலையன்ற் எஞ்சினுக்கு இடமளிக்கப்பட்டது. 21ஆம் நூற்றாண்டில் அதுவும் அருகிப்போக, பியற் நிறுவனத்தின் எஞ்சின் வந்தது. போட்டியின் விதிகளை எழுதியது கழகம்தான்; எனினும் அக்கழகத்தின் கையைப் பிடித்து எழுதுவித்தது உறுப்புகளின் தட்டுப்பாடே எனக் கூறுதல் மிகையாகாது.

இதே காலத்தில் போர்ட் நிறுவனத்தின் 1172 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்ட சிறு கார்கள் இரண்டாவது தாய்க்கார்களாயின. இவற்றின் கியர்ப்பெட்டியில் மூன்றே கியர்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பெரும் இடைவெளி. இக்குறையைப் போக்குவதற்கு ரெடிங் நகரின் பக்ளர் நிறுவனம் நெருங்கிய விகிதமுடைய கியர்களைச் செய்து விற்றது. தாய்க்கார் தந்த உறுப்பை அப்படியே ஏற்காது திருத்திக்கொள்ளும் சிறுதொழில் ஒன்று இவ்வாறு முளைத்தது. இத்தொழிலே பிற்காலத்தில் மாற்றுறுப்பு மரபின் காவலாகவும் அமைந்தது.

4. லோட்டஸ் செவின்: அச்சு மாறிய கதை

1957இல் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட லோட்டஸ் செவின், தனிக்கட்டுக் காரின் பண்பைச் சிறுதொழிற்சாலைக்குள் கொண்டுவந்தது. குழாய்ச் சட்டகமும் அலுமினியத் தகடும் லோட்டஸின் ஆக்கம். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் போர்ட்டுக்குரியவை. பின்னச்சோ நாஷ் மெற்றோபொலிற்றன் என்னும் காரிலிருந்து வந்தது. இக்கார் அமெரிக்க நிறுவனமொன்றுக்காக இங்கிலாந்தின் லோங்பிறிட்சில் ஒஸ்ரின் நிறுவனத்தாற் கட்டப்பட்டது. ஒரு சிறு காரின் முதுகெலும்பில் இரு நாடுகளின் வணிக ஒப்பந்தம் ஒன்று மறைந்திருப்பதை நாம் இங்கே காண்கின்றோம்.

1960இல் வந்த இரண்டாவது வரிசையில் ஸ்ரான்டட் கொம்பானியன் என்னும் காரின் அச்சு இடம்பெற்றது. மெதுவாக ஓடும் குடும்பக் காருக்கென, வில்லுத் தகடுகளின் மீது அமரும்படி அமைக்கப்பட்ட அச்சு அது. லோட்டசிலோ முக்கோண வடிவான தாங்குகோல் ஒன்று டிபரன்சல் உறையின் அடியிற் பொருத்தப்பட்டது. வளைவிலும் தடுப்பிலும் முடுக்கத்திலும் எழும் விசைகள் அவ்வுறையின் மீதே குவிந்தன. உறை நெளிந்தது; எண்ணெய் கசிந்தது; எண்ணெய் குறைய உள்ளுறுப்புகள் தேய்ந்தன. உடைமையாளர் பலர் உறையின் மீது வலுவூட்டும் தகடுகளை ஒட்டவைத்தனர்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் பொதுவானது. இரவல் உறுப்பு தன் தாய்க்காரில் ஏற்காத சுமையைத் தனிக்கட்டுக் காரில் ஏற்கின்றது. எனவே, உடைந்த உறுப்புக்குப் பதிலாக அதே உறுப்பின் புதியதொன்றைப் பொருத்துதல் முழுமையான திருத்தம் ஆகாது. பழைய குறையையும் அது புதுப்பிக்கின்றது. எவ்வுறுப்பு என்ற வினாவோடு, எதற்காக அது உடைந்தது என்ற வினாவையும் தேடுவோன் கேட்டாக வேண்டும். தொழிற்சாலைக் காரின் உடைமையாளனுக்கு இவ்வினாவை வடிவமைப்பாளர் ஏற்கெனவே கேட்டு விடை கண்டிருப்பர். தனிக்கட்டுக் காரில் வடிவமைப்பாளனும் திருத்துவோனும் ஒருவனே.

ஸ்ரான்டட் கார்களின் அவ்வரிசை 1960களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. 1968இல் வெளிவந்த மூன்றாவது வரிசையில், அவ்வாண்டே அறிமுகமான போர்ட் எஸ்கோட்டின் அச்சு இடம்பெற்றது. 1973 ஏப்பிரலில் பிரித்தானியாவில் கொள்வனவு வரி நீங்கிப் பெறுமதி சேர் வரி வந்ததும், உறுப்புகளாக வாங்குவோர் பெற்றிருந்த வரிச்சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவினைக் கட்டும் உரிமை கேற்றர்ஹம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. எஸ்கோட்டின் அச்சுக்குப் பின்னர் மொறிஸ் ஐற்றல் காரின் அச்சும், 1985 முதல் டி டியோன் என்னும் வேறுவகைப் பின்னமைப்பும் அக்காரிற் பயன்பட்டன. பார்வைக்கு ஏறத்தாழ ஒரே காராகத் தோன்றும் ஒன்றின் அடியில் 30 ஆண்டுகளுக்குள் நான்கு வேறு கார்களின் அச்சுகளும் புதிய பின்னமைப்பொன்றும் வந்துசென்றுள்ளன. 'லோட்டஸ் செவினுக்குரிய அச்சுத்தண்டு' என்று கேட்பவனுக்கு விடை இல்லை. எந்த ஆண்டினது, எந்த வரிசையினது, எத்தாயினது என்று கேட்டாலே விடை உண்டு.

5. ஊற்று வற்றியமை

1959இல் வெளிவந்த மினி என்னும் கார் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியில் அமர்த்தி, முன்சில்லுகளையே இயக்கிற்று. நீள்தண்டும் பின்னச்சு டிபரன்சலும் அதற்குத் தேவையற்றுப்போயின. இம்முறை மெல்ல மெல்லப் பரவிச் சிறு கார்களின் பொதுமுறையாயிற்று. 1980இல் எஸ்கோட் முன்சில்லு இயக்கத்துக்கு மாறியது. 1984இல் மொறிஸ் ஐற்றல் நின்றது. போர்ட்டின் சியரா 1993இல் முடிவுற, அதனிடத்தில் வந்த மொண்டியோவும் முன்சில்லுகளால் இயங்குவதே.

குடும்பக் காரை வாங்குவோனுக்கு இது நன்மை. தனிக்கட்டுக் கார் மரபுக்கோ இது பஞ்சத்தின் தொடக்கம். நீளவாட்டில் நிற்கும் எஞ்சினும் அதன்பின் கியர்ப்பெட்டியும் பின்னச்சும் என்னும் ஒழுங்கு, மலிவான பேருற்பத்திக் கார்களிடையே அருகிப்போயிற்று. வீதித் தகுதிச் சோதனையும் இதில் பங்குகொண்டது. 1960இல் தொடங்கப்பட்டபோது 10 ஆண்டு கடந்த கார்களுக்கே உரியதாயிருந்த அச்சோதனை 1967இல் 3 ஆண்டு கடந்த கார்களுக்கும் விரிந்தது. கறள் பிடித்த உடலுடைய கார்கள் விரைந்து உடைப்பு முற்றங்களுக்குச் சென்றன. முதலில் இது உறுப்புகளைப் பெருக்கிற்று. பின்னர், கொடுக்கவேண்டியவற்றைக் கொடுத்து முடித்த முற்றங்கள் வெறுமையாயின.

இம்மாற்றத்தை இரு நூல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 1996இல் றொன் சம்பியன் எழுதிய நூல், 250 பவுண் செலவில் ஒருவர் தம் விளையாட்டுக் காரைத் தாமே கட்டலாம் என்று தலைப்பிலேயே கூறிற்று. அதற்குத் தாய்க்கார் பின்சில்லு இயக்கமுடைய பழைய எஸ்கோட். ஆனால், எஸ்கோட்டைப் பழங்கார் ஓட்டப்போட்டியாளரும் நாடினர்; அதன் விலை ஏறிற்று; மலிவான கார் கட்டுவோனுக்கு அதன் அச்சு எட்டாப் பொருளாயிற்று. 2007இல் கிறிஸ் கிப்ஸ் எழுதிய நூல் சியராவைத் தாய்க்காராகக் கொண்டது. அதன் பின்சில்லுகள் தனித்தனியே இயங்குவன. ஆதலின் சட்டகமே வேறு வடிவம் பெறவேண்டியதாயிற்று. பின்னர் யப்பானின் மஸ்டா எம்.எக்ஸ்.5 அவ்விடத்துக்கு வந்தது. உறுப்பு கிடைக்கும் இடம் மாறுந்தோறும் காரின் உருவமும் மாறியமை இதனாற் புலனாகும்.

6. மறுவுற்பத்தி

உடைப்பு முற்றம் வெறுமையாகும்போது எஞ்சும் வழி, உறுப்பை மீளச் செய்தல் ஆகும். எல்லா உறுப்புகளையும் ஒரே எளிமையோடு மீளச் செய்ய இயலாது. அச்சுத்தண்டை நல்ல உருக்கில் கடைந்து, வரிப்பல் வெட்டி, வெப்பப் பதமிட்டுச் செய்யலாம். நீள்தண்டை வெட்டிக் குறுக்கிச் சமனிலைப்படுத்தும் பட்டறைகள் பல உள. தாங்கிகளும் எண்ணெய்த் தடைகளும் பொதுஅளவுகளில் அமைவன. அவற்றின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் தடிப்பையும் அளந்தால், காரின் பெயரைச் சொல்லாமலே வாங்கலாம். கிறவுன் வீலும் பினியனும் அவ்வாறல்ல. அவற்றின் வளைந்த பற்களை வெட்டுவதற்குத் தனிவகை இயந்திரம் வேண்டும். அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரத்துக் கிளீசன் நிறுவனம் இத்துறையில் முன்னோடி. இயந்திரத்தை ஒரு சோடிக்காகச் சீர்செய்வதும் நூறு சோடிகளுக்காகச் சீர்செய்வதும் ஏறத்தாழ ஒரே உழைப்பு. எனவே, தனியொருவர் கேட்டால் தாங்கொணா விலையாகும் உறுப்பு, பலர் ஒன்றுசேர்ந்து கேட்டால் கைக்கெட்டும் விலையாகின்றது.

இங்கேதான் கழகங்களின் பணி புலப்படுகின்றது. ஒஸ்ரின் செவின் உடைமையாளரின் கழகங்களும் அவற்றைச் சூழ்ந்த சிறுதொழில்களும் அக்காரின் சுழற்றித் தண்டு, அச்சுத்தண்டு, கிறவுன் வீல், பினியன் ஆகியவற்றைப் புதிதாகச் செய்வித்துள்ளன. உற்பத்தி நின்று 80 ஆண்டுகள் கடந்தபின்னும் அக்கார்கள் ஓடுவதற்கு இதுவே காரணம். எஸ்கோட்டின் அச்சுறைகளும் புதிதாகச் செய்யப்படுகின்றன. சியராவில் இடம்பெற்ற போர்ட்டின் ஐந்து கியர்ப்பெட்டிக்கு உரிய முழுக் கியர்த் தொகுதியைக் குவைவ் நிறுவனம் செய்துவருகின்றது. இரவல் தந்த தாய் மறைந்தபின் பிள்ளைகள் கூடித் தாயின் உறுப்பைப் படைக்கும் நிலை இது.

எனினும் எல்லாக் கார்களுக்கும் இவ்வாய்ப்பு இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே அச்சைப் பயன்படுத்தினால் மறுவுற்பத்தி சாத்தியம். அரியதொரு காரின் அச்சை நாடிய கட்டுநர், அது முறிந்த நாளில் தனித்து நிற்பர். இதனாலேயே தேர்ந்த கட்டுநர் திறத்தால் மிகச் சிறந்த உறுப்பைத் தேடாது, எங்கும் பரந்து கிடக்கும் உறுப்பையே தேடினர். அவர்களுடைய தெரிவு பொறியியல் தெரிவு மட்டுமன்று. எதிர்காலத்தை எண்ணிய தெரிவுமாகும்.

7. சட்டமும் அடையாளமும்

உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கார் அதே காரா என்பது மெய்யியலார்க்குரிய பழைய வினா. பிரித்தானிய அரசு இதற்குக் கணக்கு முறையில் விடை வகுத்தது. பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட காரொன்று தன் பழைய பதிவிலக்கத்தைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் பெறவேண்டும் என்னும் விதி பல ஆண்டுகள் வழக்கிலிருந்தது. சட்டகத்துக்கு ஐந்து, தொங்கமைப்புக்கு இரண்டு, அச்சுகளுக்கு இரண்டு, கியர்ப்பெட்டிக்கு இரண்டு, திசைதிருப்பும் அமைப்புக்கு இரண்டு, எஞ்சினுக்கு ஒன்று. பொதுமக்கள் காரின் உயிர் எனக் கருதும் எஞ்சின் இக்கணக்கில் மிகக் குறைந்த மதிப்பைப் பெற்றமையும், அச்சும் கியர்ப்பெட்டியும் அதனினும் இருமடங்கு பெற்றமையும் நோக்கத்தக்கன. எஞ்சின் அடிக்கடி மாறுவது. அச்சு நிலைப்பது என்னும் பட்டறை வழக்கத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது போலும்.

1998இல் தனிவாகன அங்கீகாரச் சோதனை நடைமுறைக்கு வந்தது. 2009இல் அதனிடத்தைப் புதியதொரு சோதனை பெற்றது. இவற்றால் தனிக்கட்டுக் கார்களின் பாதுகாப்பு உயர்ந்தது. உறுப்புகளின் மூலத்தைக் காட்டும் பற்றுச்சீட்டுகளைப் பேணும் கட்டாயமும் கட்டுநருக்கு உண்டாயிற்று. அடையாளத்தை நிலைநாட்டச் சேர்த்த தாள்கள், நாளடைவில் மாற்றுறுப்பைத் தேடுவோனுக்கு வழிகாட்டும் ஆவணங்களுமாயின.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தனிக்கட்டுக் காரின் மாற்றுறுப்பு வரலாறு மூன்று கட்டங்களைக் கொண்டதெனலாம். முதற்கட்டத்தில் தாய்க்கார் வீதியில் உயிரோடிருக்கும். உறுப்பு கடையிற் கிடைக்கும். இரண்டாவதில் தாய்க்கார் உடைப்பு முற்றத்திற் கிடக்கும். உறுப்பைத் தேடிக் கழற்றவேண்டும். மூன்றாவதில் தாய்க்கார் எங்குமில்லை, உறுப்பைச் செய்யவேண்டும். முதற்கட்டத்துக்குப் பணமும், இரண்டாவதற்குக் கண்ணும் கையும், மூன்றாவதற்குக் கூட்டுறவும் தேவைப்படுகின்றன. மூன்றுக்கும் பொதுவாக வேண்டப்படுவது ஒன்றுண்டு: இவ்வுறுப்பு எங்கிருந்து வந்தது என்னும் அறிவு. கட்டியவன் ஒரு கொப்பியில் 'அச்சு இன்ன காருடையது, இன்ன ஆண்டினது, பற்கள் 37க்கு 9, தண்டு இவ்வளவு குறுக்கப்பட்டது' என எழுதி வைத்திருந்தால், அவன் மறைந்தபின்னும் கார் ஓடும். எழுதாதுவிட்டால், அடுத்தவன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அளந்து, எண்ணி, இழந்த அறிவைத் தொடக்கத்திலிருந்து மீட்கவேண்டும்.

இவ்வரலாறு எமக்குத் தொலைவானதன்று. இங்கு பேசப்பட்ட பிரித்தானியக் கார்களின் உறவினங்கள் இலங்கை வீதிகளிலும் நெடுங்காலம் ஓடின. 1990களில் பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமையை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர். அதே பத்தாண்டில், பாத் நகரின் மொறிஸ் மைனர் நிலையத்தோடு கொண்ட தொடர்பால், அக்காருக்குரிய உதிரிப்பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்குச் சென்றன. காரைத் தந்த நாட்டுக்கு அதன் உறுப்பைத் தரும் நிலையை இந்நாட்டுக் கைவினைஞர் எய்தினர் என்பது சிறு செய்தியன்று.

பிரித்தானியாவில் கழகங்களும் கையேடுகளும் பட்டறை அறிவை எழுத்தில் நிறுத்தின. எம்மிடையே அவ்வறிவு பெரும்பாலும் கராஜ் முதலாளியிடமிருந்து கையாளுக்கு வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் சென்றது. எந்த லொறியின் தாங்கி எந்தக் காரின் அச்சுக்குப் பொருந்தும், எத்தண்டை எவ்வளவு குறுக்கினால் எதற்கு உதவும் என்று அறிந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். கல்வெட்டையும் ஏட்டையும் தேடிச் செல்லும் வரலாற்று மாணவர் இத்தொழிலாளரையும் நாடிச் சென்று, அவர்தம் அறிவை அளவுகளோடும் ஆண்டுகளோடும் பதிவுசெய்தல் வேண்டும். அவர்கள் கைகள் ஓய்வதற்கு முன்னரே அப்பணி தொடங்கப்படவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.